இரண்டு விரல் நகர்ந்த தூண்

எங்கள் அலுவலகத்தில் அவரைத் தூண் சார் என்றுதான் கூப்பிடுவோம். கட்டடத்துக்குத் தூண், உத்திரம் கணக்குப் போடும் இன்ஜினியர். முகத்துக்கு நேராகக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவதிப்பட்டவள் நான், அதனால் சொல்கிறேன்.

அப்போது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் எங்கள் கையில் இருந்தது. வடிவமைத்தது வேறு கம்பெனி. அங்கே தலைமை ஆர்க்கிடெக்ட் அவருடைய மகள். இரண்டு அலுவலகமும் ஒரே மென்பொருளில், கணினிக்குள் நிற்கும் ஒரே கட்டடத்தின்மேல்தான் வேலை செய்யும். அவரவர் பிரதியில் திருத்திவிட்டுச் சேமிக்கும்போது, ஒரே சுவரையோ தூணையோ இரண்டு பேர் தொட்டிருந்தால் திரையில் சிவப்பு எரியும். இருவரும் போனில் பேசி, யாருடையது நிற்கும் என்று முடிவு செய்தால்தான் அணையும். அதுவரை அந்தத் தளத்தில் யாரும் கைவைக்க முடியாது.

மகள் அவரோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. காரணம் இல்லாமல் இல்லை. தனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளைத் தலைமுழுகியிருந்தார். மனைவி படுத்த படுக்கையாகி, மகளைப் பார்க்கணும் என்று கெஞ்சியபோதும் இளகவில்லை. "அவளுக்கு போன் பண்ணட்டுமாண்ணா?" என்று கேட்ட தங்கையிடம், "எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா போதும்" என்றாராம். அப்படித்தான் சொன்னார்கள். மகள் வந்தபோது கட்டில் காலி, மெத்தை வெயிலில் கிடந்தது. அந்தத் தங்கையும் நானும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், அண்ணன் சொன்னதை மகளிடமும் அப்படியே சொல்லிவிட்டாராம். அவர் செய்தது கொலைக்குச் சமம் என்பது என் கட்சி.

ஒருநாள் நுழைவுக் கூடத்துத் தூணில் சிவப்பு எரிந்தது. மகளே போன் செய்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சார், அந்தத் தூண் ரெண்டு விரல் தள்ளி நிக்குது. கதவு திறக்காது."

"சரிம்மா, பழையபடியே வெச்சுடு."

"வெச்சுடுங்கன்னு சொல்லுங்க சார். இது ஆபீஸ்."

"வெச்சுடுங்க."

போனை வைத்த பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அப்பா என்று கூப்பிடாததுகூட உறைக்கவில்லை.

அடுத்த வாரமும் அதே தூண் இரண்டு விரல் நகர்ந்தது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் அவள் கூப்பிடுவாள், இவர் விட்டுக்கொடுப்பார். அன்றைக்கு மட்டும் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வருவார்.

"கட்டடத்துக்காக நகர்த்துறீங்களா சார், போனுக்காகவா?" என்று கிண்டினேன்.

"உனக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப வேலையப் பாரு."

பிறகு மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. சிவப்பு எரிந்தால் வேலை தேங்குகிறது என்று எல்லோரும் புலம்பியதற்கு வழி செய்திருந்தார்கள். ஒரு விஷயத்தில் ஒருவரே எப்போதும் விட்டுக்கொடுக்கிறார் என்றால், தலைமை ஆர்க்கிடெக்ட் சம்மதித்தால் போதும், விட்டுக்கொடுப்பவரின் திருத்தத்தை மென்பொருளே நிராகரித்துவிடும். நிராகரிக்குமுன் போனில் பேச 'முதலில் பேசு', பேச்சே இல்லாமல் தகவல் மட்டும் அனுப்ப 'முடிந்தபின் சொல்' என்று இரண்டு வழி, யாருக்கு எது என்று தலைமை ஆர்க்கிடெக்ட் தேர்ந்தெடுக்கலாம். நல்ல அப்டேட்தான், பொய் சொல்லக் கூடாது. எங்களுக்கெல்லாம் பாதித் தலைவலி குறைந்தது.

அந்த வாரம் தூணை நகர்த்திவிட்டு, போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பு எரியவில்லை. தூண் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ஒரு முழம் நகர்த்தினார். அதுவும் போயிற்று. கடைசியில் தூணைப் பிடுங்கி வாசலுக்கு நட்டநடுவில் நட்டார். இத்தனை வருஷ அனுபவமுள்ள இன்ஜினியர் செய்கிற காரியமா அது? அதுவும் திரும்பிப் போயிற்று. மதியம் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

"என்னன்னு தெரியல. கொஞ்சம் பாரேன்," என்று முதல் தடவையாக என்னிடம் உதவி கேட்டார்.

விதிகள் இருந்த பக்கத்தைத் திறந்தேன். மற்றவர்கள் எல்லோருக்கும் 'முதலில் பேசு' என்றே இருந்தது. அவர் பெயருக்கு நேராக மட்டும் மகள் 'முடிந்தபின் சொல்' போட்டிருந்தாள். பக்கத்தில் காரணம் எழுதும் கட்டம். அதில் ஒரே வரி.

"எல்லாம் முடிஞ்சப்புறம் சொன்னா போதும்."

கொலை என்று சொன்னவள்தான் நான். இருந்தாலும் அன்றைக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரம் வந்தது. அதே வாயால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். போனை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"இப்ப கதவு திறக்குதுல்ல?" என்றார்.

"திறக்குது சார்," என்றேன்.