தோட்ட லீவு

"கார்டன் லீவ்" என்று அந்த அம்மையார் சொன்ன நிமிஷத்தில்தான் ஊருக்குப் போகிற யோசனை எனக்கு வந்தது. இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரம், ஐந்தாவது மாடி, பணியாளர் பிரிவு அம்மையாரின் அறை. மேசையில் நான் அப்போதுதான் நீட்டிய ராஜினாமாக் கடிதம். இரண்டு மாதம் நோட்டீஸ் காலம் இருக்கிறது, கையிலிருக்கும் வேலைகளை முடித்து, அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்து, மரியாதையாக விடைபெறலாம் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். நான் எங்கே சேரப்போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். போட்டிக் கம்பெனி. "அப்படியானால் இன்றிலிருந்தே கார்டன் லீவ்" என்றார். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே கார் நிறுத்துமிடம்தான் தெரிந்தது. "எந்தக் கார்டன்?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கொடைக்கானல் மிஷன் ஸ்கூலில் பன்னிரண்டு வருஷம் படித்த என் இங்கிலீஷில் இந்தச் சொல் இல்லை.

இரண்டு மாதமும் சம்பளம் வரும், வேலை கிடையாது, ஆபீஸ் பக்கம் வரக் கூடாது, வேறு யாரிடமும் ஒரு நாள்கூட வேலை பார்க்கக் கூடாது, மற்றபடி எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். இதுதான் கார்டன் லீவ். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்றேன். "ஒன்றுமே இல்லை, நீங்கள் அருமையான ஆள்" என்றபடியே என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷத்தில், கையில் காப்பிக் கோப்பையோடு நடைபாதையில் நின்றேன். திருடனை வெளியேற்றுவது போல வாசல்வரை கூடவே வந்த காவலாளி, கதவைப் பிடித்துக்கொண்டு அன்பாக "சியர்ஸ்" என்றார். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, கோபமே இல்லாமல் ஒருவனைத் துரத்த முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கேதான் நான் பெரிய தப்பைச் செய்தேன். அப்பா, பழனி மலையின் கீழ்ச்சரிவில் ஒரு காப்பித் தோட்டத்தில் தொழிலாளி. அங்கே சிக்னல் வரும், போகும். அவசரத்தில் நான் கத்தினேன்: "நோட்டீஸ் கொடுத்தாச்சுப்பா! இப்ப தோட்ட லீவு. அடுத்த வாரம் வர்றேன்." கொடுத்தாச்சு. யார் கொடுத்தது? தமிழ் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துக்கொள்ள விடுகிறது. கூடவே, வேடிக்கையாக இருக்கட்டுமே என்று கார்டனைத் தோட்டம் ஆக்கியிருந்தேன். அப்பா, "சரி தம்பி. பதறாம வா. நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் குரல் ஏன் அப்படித் தணிந்தது என்று யோசிக்கிற பொறுமை எனக்கு அப்போது இல்லை. டிக்கெட் எடுக்க ஓடிவிட்டேன்.

அய்யம்பாளையம் தாண்டி பஸ் மலையேறும்போதுதான் முதல் அடி விழுந்தது. பின்சீட்டிலிருந்து அப்பாவின் தோட்டத்து முத்தையா மேஸ்திரி என் தோளைத் தட்டினார். "ஏலே, லண்டன்காரா! திங்கக்கெழம வெள்ளனே பெரட்டுக்கு வந்துருவேல்ல? ஆறு மணிக்குப் பேரு கூப்புடுவேன். பேன்ட்டு சட்டையோட வந்து நிக்காத, அட்டை ஏறிக்கும்." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என் பேர எதுக்கு மேஸ்திரி கூப்புடப் போறீங்க?" என்றேன். "ஒங்கப்பா பதிஞ்சுட்டாருல்ல" என்றார். பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு முன்னாலேயே என் செய்தி மலையேறிவிட்டிருந்தது.

வீட்டில் பையைக்கூட இறக்கவில்லை. "அப்பா, என் பேரையா பதிஞ்சீங்க?"

"வேற என்னா செய்ய? நீ லீவுன்னுதான் சொன்ன. நோட்டீஸ் வந்தா லீவா? எனக்கா தெரியாது?" என்றார் அப்பா. "இந்த மாசக் கடைசியில எனக்கு வயசு முடியுது. என் பேர வெட்டிருவாங்க. வீட்டுல ஒருத்தர் பேராவது இருந்தாத்தான் தோட்டத்துல குடுத்த இந்த வீடு நமக்கு நிக்கும். மேனேஜர் தொரைகிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். படிச்ச புள்ளையான்னு சிரிச்சாரு. அப்புறம் எழுதிக்கிட்டாரு."

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இருபத்து மூன்று வயதில் அவர் கைக்கு ஒரு காகிதம் வந்தது. இத்தனை நாளுக்குள் வீட்டையும் நாட்டையும் விட்டுப் போகவேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் காகிதத்தின் பெயர்தான் நோட்டீஸ். அவர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. கப்பல், முகாம், பிறகு இந்த மலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சுக்கடையில் "நோட்டீஸ்" என்று பலகை தொங்கினால்கூட அப்பா அந்தப் பக்கம் பார்க்கமாட்டார் என்று அம்மா கேலி செய்வாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் போனில் அதையே கத்தினேன்.

"அப்பா, அவங்க எனக்குக் கொடுக்கல. நான்தான் அவங்களுக்குக் கொடுத்தேன்."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "நீயா?"

"ஆமா. இதவிட நல்ல வேலை கெடைச்சுருக்கு. அதான்."

"நாமளா கம்பெனிக்கு நோட்டீஸ் குடுக்குறது?" அவர் குரலில் சந்தோஷம் இல்லை. நான் யாரையோ கைநீட்டி அடித்துவிட்டு வந்தது போன்ற பயம்தான் இருந்தது. "வாங்கிக்கிட்டானா?"

"வாங்கிக்கிட்டாங்க."

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும்தான். இப்போது தெளிவாகப் புரிந்தது. திங்கட்கிழமை ஒரு கூடை காப்பிப் பழம் பறித்தாலும் லீட்ஸ் ஒப்பந்தம் முறியும். வேறு யாரிடமும் ஒரு நாள்கூட என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பறிக்காவிட்டால் மாசக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் இந்த வீட்டைக் காலி செய்யவேண்டும். மறுபடியும் ஒரு நோட்டீஸ். நான் வாடகை அனுப்புகிறேன், வத்தலக்குண்டில் வீடு பார்க்கலாம் என்றேன். "இன்னொருக்கா மூட்டை கட்ட என்னால ஏலாது" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மாதான் பேசினாள். "ரெண்டு பேரும் பேரு பேருன்னு அடிச்சுக்கிறீகளே, எனக்கும் பாக்கியம்னு ஒரு பேரு கெடக்கு. அது யாருக்காவது ஞாவகம் இருக்கா?"

அம்மா இதே தோட்டத்தில் இருபது வருஷமாகப் பழம் பறிக்கிறாள். டெம்பரவரி. அவளுக்கு ஐம்பது வயதுதான் ஆகிறது. மேஸ்திரியின் நோட்டில் 'பெண் ஆள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கோடாக மட்டும் இருக்கிறாள். அந்தக் கோட்டுக்கு ஒரு பெயர் உண்டு என்பது ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பிழைகளைக் கண்டுபிடிக்கிற எனக்கும் தோன்றவில்லை, வீட்டை எப்படியாவது நிறுத்தவேண்டும் என்று தூங்காமல் கிடந்த அப்பாவுக்கும் தோன்றவில்லை. "தொர ஒத்துக்குவாரா?" என்றார் அப்பா. "கேட்டாத்தான தெரியும். படிச்ச புள்ளைய எழுதிக்கிட்டவரு, வேலை தெரிஞ்சவள எழுதமாட்டாரா?" என்றாள் அம்மா.

இதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுதுகிறேன். நேற்று வத்தலக்குண்டு போய், பிரவுசிங் சென்டரில் ஒரு காகிதம் அச்செடுத்து வந்தேன். இரண்டே வாக்கியத்தில் ஒரு நோட்டீஸ். தொடங்காத வேலையிலிருந்து நான் விலகுகிறேன். என் இடத்தில் என் தாயார் பாக்கியத்தின் பெயரைப் பதிய வேண்டுகிறேன். இந்த நிமிஷத்தில் என் பெயர் இரண்டு பட்டியல்களில் இருக்கிறது, லீட்ஸில் ஒன்று, இந்த மலையில் ஒன்று. இரண்டு இடத்திலும் நான் வேலை பார்க்க முடியாது.

நாளைக் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் பெரட்டுக்குப் போகிறோம். மேஸ்திரி என் பெயரைக் கூப்பிடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. "வந்தேங்க" என்று அம்மா சொல்லவேண்டும். காகிதத்தைத் துரையிடம் நான் கொடுக்கப்போவதில்லை. அப்பாவைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். அரைமணிக்கு ஒருதரம் வெளியே எடுத்து, இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொள்கிறார்.