காம்பஸ் எழுத்து

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துவந்தார். டிராம் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு டிராலி பஸ் விட்டிருந்த காலம் அது. எனக்கு எட்டு வயதிருக்கும். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் கம்பெனியின் விளம்பரத்தாளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மாமாவின் போக்கே மாறிவிட்டது. அந்தத் தாளிலிருந்த ஆங்கில எழுத்துகளுக்கு வாலும் இல்லை, கொண்டையும் இல்லை. 'ஓ' என்றால் முழு வட்டம். மற்றவற்றில் பாதி நேர்கோடு. எல்லாக் கோடும் ஒரே தடிமன். மனிதன் எழுதியதுபோல இல்லாமல் இயந்திரம் பெற்றுப் போட்டதுபோல இருந்தன.

தமிழையும் அப்படி எழுதிவிடுவது என்று மாமா தீர்மானித்தார். ஒரு காம்பஸும் நீளமான அடிக்கோலும் வாங்கிவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் தாள் விரித்து உட்கார்ந்தார். 'ட'வும் 'ப'வும் அவருக்கு வேலையே வைக்கவில்லை. 'வு' கொஞ்சம் முரண்டுபிடித்து வழிக்கு வந்தது. 'ஜ' மட்டும் நான்கு நாள் அடங்கவில்லை. எங்கே வட்டத்தைத் தொடங்கினாலும் அது நத்தையாகவே முடிந்தது. எதற்கு இந்தப் பாடு என்று அம்மா கேட்டாள்.

"இனிமே எல்லாரும் பஸ்லயும் மோட்டார்லயும்தானே போகப்போறாங்க, அக்கா. நின்னு படிக்க யாருக்கு நேரம் இருக்கு? ஒரு பார்வையில எழுத்து மனசுக்குள்ள போயிடணும்."

கொஞ்ச நாளில் ஆகாய விமானத்திலிருந்தும் படிப்பார்கள் என்று அவர் சேர்த்துக்கொண்டார். அப்பா ஆற்றங்கரையில் ஒரு கிடங்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மைத்துனரை அவர் மெச்சி நான் கேட்டதில்லை. தமிழுக்குத் தச்சு வேலை எதற்கு என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் புதுப் பலகை கேட்டார். மாமா அவரிடம் எதுவும் சொல்லாமல் தம் புது எழுத்திலேயே எழுதி எடுத்துப்போனார். துணி எடுக்க அப்பாவும் நானும் அங்கே போனபோது பலகை கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் சுவரோரம் சாய்ந்து நின்றது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"சக்கரமும் ஏணியும் வரைஞ்சு கொண்டாந்திருக்கீங்க. இதை யாரு படிப்பாங்க? எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

மாமா தூரிகையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பலகை திரும்பி வந்தால் அந்த ரோட்டில் இனி யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். அது எனக்கே தெரிந்தது.

அப்பா முதலாளியிடம், எதிர்ப்பக்கத்திலிருந்து தாம் படித்துக்காட்டினால் மாட்டுவீர்களா என்று கேட்டார். ஏதோ வேடிக்கை என்று அவரும் ஒப்புக்கொண்டார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப்போய் நின்றார். பலகையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்தார்கள். மேல்வரி 'ஜவுளிக் கடை' என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீழ்வரியைச் சுற்றி நின்றவர்கள் மறைத்திருந்ததால் அப்பா அதற்குமுன் பார்த்ததில்லை. மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் குறுக்கே போய்க்கொண்டிருக்க, ஆபீசில் பெயர் கூப்பிடுகிற குரலில் அவர் தடங்கலின்றிப் படித்தார். "பட்டு, பருத்தி, பூப்போட்ட சீட்டித்துணி."

பக்கத்துக் கடைப் பலகையையும் படியுங்கள், எது சுலபமென்று பார்ப்போம் என்று முதலாளி அங்கிருந்து கத்தினார். அடுத்தவன் கடை நமக்கெதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். பலகை மேலே ஏறியது. மாமா அன்றைக்கு எனக்கு இரண்டு கிளாஸ் சர்பத் வாங்கிக்கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. கிடங்கு ஆபீசிலுள்ள அலமாரிகளுக்கும் கோப்புகளுக்கும் அதே மாதிரி ஆங்கிலத்தில் பெயர்ச்சீட்டு எழுதித்தரும்படி அப்பாவே மாமாவைக் கேட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடம் முழுக்கச் சீட்டுகள் காய்ந்தன. ஆபீஸ் துரை அவற்றைப் பார்த்துவிட்டு, இதுதான் நவீனம் என்று மற்ற அறைகளுக்கும் எழுதச் சொன்னாராம். மாமா ஒரு சுற்று பருத்துவிட்டதுபோல நடந்தார். எவ்வளவு பிடிவாதக்காரரையும் அழகு ஜெயித்துவிடும் என்று என்னிடம் சொன்னார். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லித் திரிந்தேன்.

அப்பா அந்த ஆபீசில் இன்னும் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் அம்மா என்னிடம் சொன்னாள். பலகை எழுதிய வருஷமே ஆஸ்பத்திரியில் அப்பாவின் கண்ணைச் சோதித்து, பார்வை மங்கிக்கொண்டே போகும், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். எழுத்தின் மெல்லிய கோடுகள்தான் முதலில் மறைந்தன. ஆபீசுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ரோட்டில் அப்பாவால் எட்ட நின்று படிக்க முடிந்தது அந்த ஒரு பலகையைத்தான்.

மாமாவிடம் சொல்லிவிடாதே என்றாள் அம்மா. நான் சொல்லவில்லை. அழகு ஜெயித்த கதையை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ரோட்டைத் தாண்டும்போது அப்பா என் தோளை இறுகப் பிடித்திருந்தார். வண்டிகளுக்கு நடுவே என்னைப் பத்திரமாகக் கூட்டிப்போகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.