மூன்று வருடம் தாமதமாகக் கொடுத்த பத்திரிகை

போன வருடம் ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிரெஞ்சு மொழி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா என்று என் கணவரே பலமுறை கேட்டாயிற்று.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பெட்டிகள் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் போகின்றன. மெயில் வந்தால் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். போன் வந்தால்தான் மொத்த ஆபீசும் திருதிருவென்று விழிக்கும். யாராவது ஒருத்தர் கற்றுக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னார். என் கை சும்மா இருக்காது, தூக்கிவிட்டேன்.

டீச்சருக்கு வெளியே அலையவில்லை. ராஜபாளையத்தில் இருக்கும் என் சொந்த அக்காவின் மகள், பள்ளியில் மார்க் நிறையக் கிடைக்கும் என்று பிரெஞ்சு எடுத்தவள், பிடித்துப்போய்க் கல்லூரியிலும் அதையே படித்தாள். என் மடியில் வளர்ந்த பெண். சனி, ஞாயிறுகளில் வீடியோ காலில் எனக்குப் பாடம் நடத்துவாள். ஆனால் மொட்டை மாடியில் நின்றுதான் நடத்துவாள். கீழே அக்கா இருப்பாள். அக்காவும் நானும் பேசி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. நாங்கள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினோம். அதற்கான அழைப்புப் பத்திரிகையை அக்காவிடம் பஞ்சு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து, அவர்களும் தம்பதியாக நிற்கக் கொடுக்க வேண்டும். தெரியாதவளா நான்? ஊரெல்லாம் அப்படித்தான் கொடுத்தேன். அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா காய்கறிப் பையோடு எதிரே வந்தாள். நம்ம அக்காதானே என்று கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அக்கா வரவில்லை. அம்மா இல்லாத எனக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பால் சொம்பு கொண்டு வர வேண்டியவள் அவள்தான். நல்ல நேரம் முடியும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, ஆத்திரத்தில் சமையலறையில் கிடந்த பாத்திரத்தில் பாலை ஊற்றிக் காய்ச்சினேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு அக்கா சொன்னதாக ஒரு வார்த்தை காதுக்கு வந்தது: “ரோட்டுல வச்சுக் குடுத்தா, ரோட்டுல போறவுகதான் வருவாக.” எனக்கு மூக்கின் மேல் கோபம். அன்றோடு சரி.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நடந்து முடிந்த ஒன்று வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரெஞ்சில் சொல்வது எப்படி என்பதுதான் அந்த வாரப் பாடம். தமிழில் நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ‘மழை பெய்திருந்தால் விளைந்திருக்கும்’ என்று ‘இரு’வை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டுப் போய்விடுவோம். அவர்கள் அப்படி விடமாட்டார்கள். வாக்கியத்துக்கு இரண்டு பாதி. ‘ஸி’ என்று தொடங்கும் ‘ஆல்’ பாதிக்கு ஒரு உருவம், ‘இருப்பேன்’ பாதிக்கு வேறு உருவம். இரண்டாம் பாதியில் துணைவினையை ‘செய்வேன்’ என்கிற தோரணைக்கு மாற்றி, அதன் பின்னால் முடிந்துபோன வினையை வைக்க வேண்டும். அந்தத் துணைவினையிலும் இரண்டு உண்டு. பெரும்பாலான வினைகளுக்கு ‘அவுவார்’. போவது, வருவது போன்றவற்றுக்கு ‘எத்ர்’. போனது பெண் என்றால் கடைசியில் ஓர் எழுத்து கூடும். அது காதில் விழாது, தாளில் மட்டும் இருக்கும். ஒரு வாரமாகச் சோறு கிளறும்போதுகூட இதையே முனகிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், எல்லாம் உண்மையாக நடந்ததைப் பற்றி இருக்க வேண்டும், எல்லாமே ‘நான்’ என்று தொடங்க வேண்டும் என்பது டீச்சரம்மா உத்தரவு. நாலு வாக்கியம் மளமளவென்று வந்தது. சீக்கிரம் எழுந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பேன், இந்த ரகம். ஐந்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘அக்கா வந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்’ என்பதுதான் முட்டிக்கொண்டு நின்றது. மூன்று வருடமாக மனதில் ஓடுகிற வாக்கியம். ஆனால் அது ‘அக்கா’ என்று தொடங்குகிறது. ‘நான்’ என்று எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்.

“ஸி ஜெத்தே அலே ஷே மா ஸெர், எல் ஸெரே வெனூ.” நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தால், அவள் வந்திருப்பாள்.

படம் எடுத்து அனுப்பிய பிறகுதான், திருத்தப்போவது அக்காவின் மகள் என்பதே உறைத்தது. சாயங்காலம் கூப்பிட்டாள். நாலாவது வாக்கியத்தில் தப்பு, ஐந்தாவது சரியாக இருக்கிறது என்றாள்.

“சித்தி, என் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்துருக்கு. திங்கக்கெழம அச்சுக்குப் போகுது. உங்க பேரும் சித்தப்பா பேரும் அதுல இல்ல. அம்மாட்ட ரெண்டு தடவ கேட்டுட்டேன், பதிலே சொல்ல மாட்டேங்காக.”

எங்கள் பிரெஞ்சுப் பாடம் தொடங்குவதற்கு முன்பே அவளுக்கு நிச்சயமாகியிருந்தது; அந்தச் செய்தியே எனக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரியும். இப்போது கல்யாணப் பத்திரிகையிலும் சித்தி இல்லை. அச்சாகிவிட்டால் பிறகு ஊர் முழுக்க அதுதான் செய்தி.

ஞாயிறு காலையில் பீரோவைக் குடைந்தேன். வீடு பால் காய்ச்சிய பழைய பத்திரிகை மீதி நாலைந்து கிடந்தது. ஒன்றை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, தட்டு, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் எடுத்து வைத்தேன். “கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?” என்றார் என் கணவர். ஆனால் சொல்லிக்கொண்டே வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். அந்த மனிதரை நான் எத்தனை திட்டினாலும் தகும், எத்தனை கும்பிட்டாலும் தகும்.

அக்கா கதவைத் திறந்தாள். என் கணவரைப் பார்த்து, “வாங்க தம்பி” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். நான் தட்டை எடுத்து அடுக்கினேன்.

“அத்தானையும் கூப்பிடுக்கா. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க.”

என்ன ஏது என்று புரியாமல் அத்தான் வந்து நின்றார். நானும் என் கணவருமாகத் தட்டை நீட்டினோம்.

“வீடு கட்டிப் பால் காய்ச்சுதோம்க்கா. நீயும் அத்தானும் முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்.”

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பத்திரிகையை முதல் வரியிலிருந்து வாசித்தாள். அவ்வளவு நீளப் பத்திரிகையை நான் அச்சடித்ததே இல்லை என்று தோன்றுகிற அளவுக்கு வாசித்தாள்.

“தேதி முடிஞ்சு மூணு வருசமாச்சேட்டி.”

“தெரியும்க்கா. அன்னைக்கே வீட்டுக்கு வந்து குடுத்துருக்கணும். தெனமும் ஒன் ஸ்டாப்பத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். எறங்கி நாலு எட்டு வர எனக்கு நோவு. தப்பு என் மேலதான்.”

அக்கா உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அத்தான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடலாமா என்று என் கணவர் கண்ணால் கேட்டார். அப்போது அக்கா கையில் ஒரு பித்தளைச் சொம்போடு வந்தாள். கடையில் சுற்றிக் கொடுத்த தாள்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

“நீ பத்திரிக குடுத்தன்னைக்கே போயி வாங்குனது. ரோட்டுல குடுத்துட்டா, சரி, பொறவு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுவான்னு இருந்தேன். அந்த வாரம் பூராவும் வாசக்கதவச் சாத்தல. நீ வரும்போது பூட்டிக் கெடந்துறக் கூடாதுல்ல.”

நான் உடைந்துபோனேன். என் புது வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு காலை நின்றதைத்தான் மூன்று வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்து எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அழாதட்டி, தம்பி என்ன நெனைப்பாக” என்று சொல்லிக்கொண்டே அவளும் அழுதாள். மாடிப்படியில் நின்ற என் டீச்சர் மூக்கை உறிஞ்சுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அக்காவும் அத்தானும் முதல் பஸ்ஸுக்கு வந்து, மூன்று வருடம் குடியிருந்த வீட்டில் புதிதாகப் பால் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பிப் போனார்கள். யாருக்கும் நாங்கள் விளக்கம் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையையும் அக்கா அன்றே தட்டில் வைத்துத்தான் கொடுத்தாள். அழைப்போர் வரிசையில் எங்கள் பெயர் இருந்தது.

ஆனாலும் என் பெண்ணாக வளர்த்தவளின் நிச்சயதார்த்தப் போட்டோக்களில் நான் இல்லை. எப்போது அந்த ஆல்பத்தைப் புரட்டினாலும் மனது வலிக்கிறது. அதை எந்தத் தட்டை நீட்டியும் திரும்ப வாங்க முடியாது.

வேற்று மனிதர்களிடம் காட்டுகிற மரியாதையில் பாதியைக்கூட, நம்ம ஆள்தானே என்ற துணிச்சலில் நெருங்கியவர்களுக்குக் கொடுக்காமல் இருந்துவிடுகிறோம். அந்தத் துணிச்சல் இப்போது என்னிடம் இல்லை, இல்லாமல் போனதில் எனக்கு நிம்மதிதான்.