அப்பா கையெழுத்து

மீனலோசனி டீச்சருக்கு இடது மணிக்கட்டு மடங்காது. வழுக்கி விழுந்ததாகப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். பச்சைப் பொய்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியொன்றில், பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுவது அவர் பொறுப்பு. நான்கு வருடத்துக்கு முன்னால், ரிசல்ட் வந்த வாரத்தில், பிடித்த வேலையை எழுதச் சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். முக்கால்வாசிப் பேர் டாக்டர், கலெக்டர் என்று பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினார்கள். ஒக்கூர் பாண்டீஸ்வரி மட்டும் டீசல் மெக்கானிக் என்று எழுதினாள். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். மார்க் அட்டையிலிருந்து சுற்றுலா வரைக்கும் எல்லாவற்றுக்கும் அப்பா கையெழுத்து கேட்டே பழகிய வாய், இதற்கும் கேட்டுத் தொலைத்தது.

மறுநாள் பாண்டீஸ்வரி உதடு கிழிந்து வந்தாள். இரண்டு விரல்கள் வீங்கிக் கன்றியிருந்தன. தாளை நீட்டினாள்.

"போட்டுட்டாரு டீச்சர். அடிச்சு முடிச்சுட்டுத்தான் போட்டாரு."

'சம்மதம் இல்லை' என்று எழுதி, அடியில் அவள் அப்பன் காளிராஜ் கையெழுத்துப் போட்டிருந்தான். சான்றிதழ்களையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டானாம். ஐ.டி.ஐ.யில் சேர மறுநாள் வெள்ளிக்கிழமைதான் கடைசி.

டீச்சருக்கு ஆத்திரம் வந்தால் யோசனை வராது. அன்று மதியமே அவளைக் கூட்டிக்கொண்டு ஒக்கூருக்குப் போனார். பேச்சு நாலு வரிகூடப் போகவில்லை. காளிராஜ் பெட்டியைத் திறந்து, சான்றிதழ்களை எடுத்து, எரிகிற அடுப்பில் செருகினான். பாய்ந்த மகளைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. டீச்சர் அடுப்புக்குள் இடது கையை விட்டுத் தாள்களை இழுத்தார். மண்வெட்டிக் காம்பு அந்தக் கையில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது.

காம்பை மறுபடி ஓங்கினான், இந்தத் தடவை தலைக்கு. பாண்டீஸ்வரி அவன் முழங்கையில் பல் பதியக் கடித்தாள். காம்பைப் பிடுங்கி அவன் முழங்காலில் போட்டாள் ஒரு போடு. காளிராஜ் சுருண்டு விழுந்தான். ஓரம் கருகிய தாள்களை அவள் பொறுக்கிக்கொண்டாள்.

"வாங்க டீச்சர், பஸ் வந்துரும்," என்றாள்.

மறுநாள் நெற்றித் தையலோடு போய் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாள். இப்போது லாரிப் பட்டறையில் வேலை. அப்பன் வீட்டுப் பக்கம் போவதில்லை.

டீச்சர் இன்றும் தாள் கொடுக்கிறார். கையெழுத்து கேட்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, என்ன பிடிக்கும் என்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறார்: "வீட்டுல சொன்னா அடிப்பாகளா?"

இந்த வருடம் முப்பத்திரண்டு பேரில் பதினோரு பேர் தலையசைத்தார்கள். அந்தப் பதினோரு பேரின் சான்றிதழ்களும் டீச்சர் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன.