இடது சீட்டுக்கு ஒரு பாட்டு

காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் என் கடை. கார்களுக்கு ஆடியோ பொருத்துவது தொழில். டாக்ஸி ஓட்டுகிறவர்கள், புதுக் கார் வாங்கிய மாப்பிள்ளைகள், கம்பெனி சூப்பர்வைசர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: சத்தம் தூக்கலாக இருக்க வேண்டும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக் கண்ணாடி அதிர வேண்டும்.

நாளெல்லாம் இந்தச் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். என் மனைவி மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்துப் போயிருந்தாள். அவளுடைய ஷிப்டும் என் கடை நேரமும் ஒத்துப்போவதில்லை. அதனால் வேலைக்கு நடந்து போகும்போது போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள். நான் பிறகு கேட்டுவிட்டுப் பதில் அனுப்புவேன். எங்கள் குடும்பம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் அந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே கதவு, இரண்டே சீட். தரையோடு ஒட்டிய வண்டி என்பதால் கடைக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையைக் கோணலாக ஏறி மெதுவாக இறங்கியது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். உள்ளேயிருந்து இறங்கியவர் இளைஞர் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர், கூரையைப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு தவணையாக வெளியே வந்தார். கும்மிடிப்பூண்டியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பதாகவும், சென்னையில் ஒருவர் ஓட்டிய வண்டியைப் பழையதாக வாங்கியதாகவும் சொன்னார்.

"இன்னா சார், பெரிய வூஃபரா போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"போடணும் தம்பி. ஆனா எனக்கில்ல, அந்த சீட்டுக்கு" என்று இடது பக்கத்தைக் காட்டினார். "ஊட்டுக்காரிக்கு. அவளுக்குக் காது கேக்காது."

விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவரும் மனைவியும் இளம் வயதில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்களாம். இரும்பை அடித்து வடிவாக்கும் பட்டறை. அந்த அம்மாவுக்கு இரும்பை அடிக்கிற பிரஸ் மெஷினுக்குப் பக்கத்திலேயே பேக்கிங் வேலை. காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மருத்துவரிடம் காட்டிக் கருவி வைத்துப் பார்த்தும் இரைச்சல்தான் மிஞ்சியது.

"கல்யாணமான புதுசுல ஊட்ல எப்பவும் பாட்டு ஓடிக்கினே இருக்கும். அவளும் கூடவே பாடுவா. இப்ப பாட்றதில்ல. தன் குரல் தனக்கே கேக்கலன்னா எப்டி பாட்றது?" என்றார். "ஒருதரம் ஹைவேஸ்ல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தோம். இந்த மாதிரி கார் ஒண்ணு போச்சு. என் கையப் புடிச்சிக்கினு, 'அது போற சத்தம் என் கால்ல கேக்குதுய்யா'ன்னா. அதுலேர்ந்து எனக்கு இதே நெனப்பு."

சீட்டையே பாட வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஷேக்கர் என்று ஒன்று உண்டு. ஸ்பீக்கர் காற்றை அசைத்துச் சத்தம் எழுப்பும். ஷேக்கர் தான் பொருத்தப்பட்ட பொருளையே அசைக்கும். அந்த வண்டியின் சீட்டுக்கடியில் ஏர்பேக் ஒயர் போகிறது என்பதால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பொறுமையாக சீட்டை வெளியே எடுத்தேன். உட்காரும் இடத்தில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று ஷேக்கர்களைப் பொருத்தி, சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன இடத்துக்கு ஏற்றபடி பெட்டி செய்து, கனத்த சத்தத்துக்கான வூஃபரையும் வைத்தேன். பாட்டைப் போட்டுப் பார்த்தபோது மேளத்தின் ஒவ்வொரு அடியும் முதுகில் விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். அந்த அம்மா தலை நிறையப் பூ வைத்திருந்தார். பேச்சில் ஏற்ற இறக்கம் இல்லை, எல்லா வார்த்தையும் ஒரே உயரத்தில் வந்தது. இடது சீட்டில் உட்கார்ந்ததும், கணவர் தேர்ந்தெடுத்த பழைய பாட்டைப் போட்டேன். மேளம் நிறைந்த பாட்டு. அந்த அம்மாவின் முகம் மாறியது. இரண்டு கைகளாலும் சீட்டின் ஓரத்தைப் பிடித்தார். பாட்டு பாதியில் இருக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து சுவரோரம் நின்றுவிட்டார்.

"பிரஸ்ஸு மாதிரியே கீது" என்றார். "அங்க நின்னா இப்டிதான் கால்லேர்ந்து ஏறும்."

கணவர் ஓடிப்போய் பாட்டை நிறுத்தினார். மனைவியின் முன்னால் போய் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "தெரியாம பண்ட்டேன்" என்றார்.

"இதுல இன்னா கீது, உடு. வா, நாஷ்டா துன்னலாம்" என்று கணவர் தோளில் தட்டினார் அந்த அம்மா.

போகும்போது கணவர் என்னிடம் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொன்னார். இன்னும் சில நாள் வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அந்த அம்மாவின் முகம் மறக்கவில்லை. சத்தம் வேண்டும் என்று வருகிறவர்களுக்கே செய்து பழகிய கை, அவருக்கும் அடியைத்தான் கொடுத்திருந்தது. அவர் பாடினவர், அவருக்கு வேண்டியது குரல். பாட்டில் மேளமும், பேஸ் என்கிற கனத்த ஒலியும் சேர்ந்து குரலை அமுக்கிவிடுகின்றன. அதனால் கனத்த சத்தங்களை சீட்டுக்குப் போகாமல் வெட்டிவிட்டு, குரல் இருக்கும் பகுதியை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதுகுப் பக்கம் சிறிய ஷேக்கர்களை மாற்றிப் போட்டேன். கை வைக்கிற கதவுப்பிடியிலும் ஒன்று வைத்தேன். சரிபார்க்க வாத்தியம் எதுவும் கலக்காத வெறும் குரல் வேண்டும். என்னிடம் இருந்தவை என் மனைவி அனுப்பிய பேச்சுகள்தான்.

ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இடது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். காருக்குள் மெல்லிய முணுமுணுப்புக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் முதுகில் அவள் பேசினாள். அவளுக்குக் கொஞ்சம் கட்டைக் குரல். கேஸ் புக் பண்ணியாச்சா, அங்கே வெயில் எப்படி, போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டு, "சரி, வெக்கிறேன்" என்பாள். பலமுறை காதால் கேட்ட பேச்சுதான். அந்த நிறுத்தம் முதுகில் ஒரு வெற்றிடமாக வந்தபோது, அவள் போனதிலிருந்து என்னை யாருமே தொட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பப் போட்டேன். அளவுகள் சரியாக அமைந்த பிறகும், மத்தியானம் முழுக்கச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார். நான் அவசரத்தில் போனைத் தட்ட, பாட்டுக்குப் பதில் என் மனைவியின் பேச்சு ஓட ஆரம்பித்தது. நிறுத்தப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கதவுப்பிடியில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பொம்பள" என்றார். "யாரையோ திட்றா."

கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் குனிந்து என்னையே காட்டி, "என் ஊட்டுக்காரி. மஸ்கட்ல கீறா. என்னத்தான் திட்றா" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "திட்டட்டும், நல்லா திட்டட்டும். இன்னொருதரம் போடு" என்று சொல்லி முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "கடைசில திட்டல" என்றார்.

பிறகு அவருக்குத் தெரிந்த பழைய பாட்டைப் போட்டேன். முதல் வரி போன பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. உதடுகள் அசைந்தன. வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் அடங்கிக் காத்திருந்தார். குரல் திரும்ப வந்ததும் ஒரு வார்த்தை தாமதமாகச் சேர்ந்துகொண்டு பாடினார், சத்தமாகவே. சுருதி எங்கோ இருந்தது. வரிகள் மாறவில்லை. கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வலது பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகழுவுகிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன்.

எல்லாப் பாட்டும் அவருக்கு வந்து சேரவில்லை. உச்சத்தில் பாடுகிற குரல்கள் முதுகுக்கு எட்டுவதே இல்லை. அதை எப்படியாவது சரிசெய்ய முயன்று தோற்றேன். கிடைத்தவற்றை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் பழவேற்காடு வரை போய் வருவதாகச் சொன்னார்கள்.

அந்த வருடம் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொன்ன என் மனைவி, ஒப்பந்தத்தை இன்னும் நீட்டித்துக்கொண்டாள். அதைச் சொல்லி அவள் அனுப்பியதை நான் கடையில் நின்றுகொண்டே கேட்டேன். பதிலாக, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் பேசி அனுப்பினேன்.

போன மாதம் ஒரு ஒயர் கழன்றிருக்கிறது என்று அந்தக் கார் மறுபடி வந்தது. நான் வேலையை முடித்ததும், கணவர் டீ வாங்கி வர எதிர்க்கடைக்குப் போனார். அந்த அம்மா சீட்டிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவுரு பழைய பாட்டாவே போட்டுக்கினு கீறாரு. என் காது போனப்பறம் வந்த பாட்டு ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. நீ ஒண்ணு போடு."

எதைப் போடுவது என்று நிறைய நேரம் தேடி, தணிந்த குரலில் ஒருவர் பாடிய புதுப்பாட்டைப் போட்டேன். அவர் கதவுப்பிடியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆம்பளயா?"

தலையாட்டினேன்.

"குரல் எப்டி கீது?"

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அதைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. ஒரு ஆளைப் பார்த்தே இராதவருக்கு அந்த ஆளின் முகத்தைச் சொல்வதுபோல இருந்தது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி உடு" என்றார் கடைசியில். "நானே ஒரு குரல வெச்சிக்கிறேன்."

சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கணவர் டீயோடு வந்து கதவருகே குனிந்தார். அவர் வந்தது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, இரு என்று சைகை காட்டினார். பாட்டு முடிகிறவரை கணவர் இரண்டு கிளாஸையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.