கொரியாக்காரர் கேட்ட முதல் கேள்வி

பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொரிய மொழி தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் எப்போதும் வேலை உண்டு என்று உடன் வேலை செய்தவள் சொன்னாள். சனி, ஞாயிறுகளில் குன்றத்தூரிலிருந்து சென்னைக்கு பஸ் பிடித்துப் போய்க் கற்றுக்கொண்டேன். பிறகு கணக்கை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர் ஆனேன். எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் போவேன்.

ஒரு மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கார் கதவின் உட்புறத்துக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களைச் செய்யும் சிறிய தொழிற்சாலை அது. முதலாளி டிப்ளமோ படித்தவர். வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டுத் தானே தொடங்கியவர். பாகங்கள் முழுக்க ஒரகடத்தில் இருந்த ஒரு கொரியக் கம்பெனிக்குப் போயின. மழை தொடங்கியதிலிருந்து பாகங்களின் மேல் வெள்ளி வெள்ளியாய்க் கோடு விழுந்தது. அங்கிருந்து எல்லாம் திரும்பி வந்தன. கொரியக் கம்பெனியின் தர மேலாளர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆர்டரை நிறுத்தத்தான் வருகிறார் என்று முதலாளி நினைத்தார்.

தானும் அவரும் எழுதிக்கொண்ட மெயில்களை என்னிடம் காட்டினார். எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பக்கம், ஏன் மறுபடியும் இதே குறை, உடனே விளக்கம் கொடு என்று இருந்தது. இந்தப் பக்கம், நீங்கள் சொன்னபடிதான் செய்தோம் என்று ஒற்றை வரி.

"என்னை இன்னா ஸ்கூல் பையன் மாதிரி கேள்வி கேக்குறாரு? நான் சொல்றத அப்படியே சொல்லும்மா. எதையும் மழுப்பாத," என்றார்.

மழுப்ப மாட்டேன் என்று சொன்னேன். ஆனால் மெயில்களைப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. கொரிய மொழியில் அந்த மனிதர் இதையே எழுதியிருந்தால் ஒவ்வொரு வினைச்சொல்லின் முடிவிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கும். நம் முதலாளி தமிழில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு பேருக்குமே அது உதிர்ந்துபோயிருந்தது.

மேலாளர் காலையில் வந்தார். தலையெல்லாம் நரை; ஷூவில் சேறு. விசிட்டிங் கார்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். உட்கார்ந்ததும் என்னிடம், இவருக்கு என்ன வயது என்று கேட்கச் சொன்னார். எனக்குக் கேட்கவே தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என் வயசு இன்னாத்துக்கு அவருக்கு?" என்றார் முதலாளி. முகம் சிவந்துவிட்டது.

"அவங்க பாஷையில பெரியவங்ககிட்ட ஒரு விதமா, சின்னவங்ககிட்ட ஒரு விதமா பேசணும் சார். நம்ம நீ, நீங்க மாதிரி. இன்னும் நெறைய படி இருக்கு. எதிர்ல இருக்கிறவரு வயசு தெரிஞ்சாத்தான் எப்படிப் பேசணும்னு அவருக்குத் தெளிவாகும்."

முதலாளி மேலாளர் பக்கம் திரும்பினார். பிறகு ஐம்பத்தாறு என்றார். நான் சொன்னதும் மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து தலை குனிந்து வணங்கினார். அவர் இரண்டு வயது இளையவர். அதன் பிறகு அவர் பேசிய கொரிய மொழியே மாறியது. ஒரு தம்பி அண்ணனிடம் பேசுகிற பேச்சு. தன் மெயில்களைக் கணினியில் மொழிபெயர்த்து அனுப்பியதாகவும், அவை எப்படி ஒலிக்கின்றன என்று தனக்குத் தெரியாது என்றும், பெரியவரிடம் அப்படிப் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

முதலாளி எதிர்பார்க்கவில்லை. மேசையிலிருந்த டீயை அவர் பக்கம் நகர்த்தினார். நானும் இங்கிலீஷில் சுருக்கமாகத்தான் எழுதினேன் என்றார். பிறகு, மெயிலில் எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"பிளாஸ்டிக் குருணையை மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி இவ்ளோ நேரம் காய வெக்கணும்னு உங்க ஊர்லேர்ந்து வந்த தாள்ல போட்டுகீது. இந்த மழையில ஈரம் போக அது பத்தாதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். நானா மாத்துனா சொன்னத மீறிட்டேன்னு ஆயிடும். அதான் மாத்தல."

மேலாளர் உடனே எழுந்து மெஷினைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அன்று அதிக நேரம் காயவைத்துப் பார்த்தார்கள். கோடு குறைந்தது, போகவில்லை. முதலாளியின் முகம் வாடியது. மேலாளர் கிளம்பவில்லை. மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். குருணை மூட்டைகளைப் பிரித்து ஷட்டர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. காயவைத்த குருணையும் மெஷினுக்குப் போகும் முன் அங்கேயே திறந்து கிடந்தது. அவர் தரையைத் தொட்டுப் பார்த்து ஈரக் கையை முதலாளியிடம் காட்டினார். நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் முதலாளி ஆட்களைக் கூப்பிட்டு மூட்டைகளை உள்ளே மாற்றச் சொல்லிவிட்டார். சாயங்காலம் மெஷினிலிருந்து விழுந்த பாகத்தை இரண்டு பேரும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

மேலாளர் தன் தலைமையகத்தோடு பேசி, மழை மாதங்களுக்கென்று காயவைக்கும் நேரத்தைத் திருத்தி வாங்கினார். ஆர்டர் நிற்கவில்லை. அடுத்த வருடம் இன்னொரு பாகத்துக்கான ஆர்டரும் வந்தது. பக்கத்தில் காலியாக இருந்த ஷெட்டை முதலாளி வாடகைக்கு எடுத்தார். நான் மாதத்தில் சில நாள் அங்கே போவது வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் அங்கிருந்து இரண்டு பெண்களை பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளைப் பராமரிக்கும் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் உள்ளூர், ஐடிஐ படித்தவர்கள். ஷிப்ட் முடிந்ததும் மீட்டிங் அறையில் அவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் அவர்களில் ஒருத்தியின் அம்மா வந்திருந்தார். அங்கே குளிர் எப்படி, சோறு கிடைக்குமா, ராத்திரியில் பெண்கள் தனியாக நடக்கலாமா என்று கேட்டார். சோறு கிடைக்கும் என்றேன். மற்றதெல்லாம் கேள்விப்பட்டதுதான், நான் போனதில்லை என்றேன்.

"இவ்ளோ வருஷமா அவங்க பாஷை பேசினுகீறே, போனதில்லையா?" என்றார் அந்த அம்மா. "அப்போ நீயும் கூடப் போயேன். எனக்கும் தைரியமா இருக்கும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த முதலாளி உள்ளே வந்தார். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துவிடச் சொன்னார்.

நேற்று விண்ணப்பித்தேன்.