கேமராவைக் கழற்றிய பிறகும்

எங்கள் லைனுக்கு மேலே கேமரா மாட்டிய அன்று மேனேஜர் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன், "நீ ஒரு பழைய பஞ்சாங்கம்மா" என்பான். ஆமாம், பழைய பஞ்சாங்கம்தான். அதற்காக மிஷினே கூடாது என்பவள் இல்லை. கம்ப்யூட்டர் தையல் மிஷின் வந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். புதுசு என்கிற ஒரே காரணத்துக்காக எதையும் கும்பிட மாட்டேன், அவ்வளவுதான்.

கை கொடுப்பது

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தியின் ட்ரேயில் பீஸ் குவிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் வேலையை முடித்துக்கொண்டு எழுந்து வந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போவாள். கேட்கவும் மாட்டாள், நன்றியை எதிர்பார்க்கவும் மாட்டாள். காய்ச்சலாக இருக்கும், மாதவிலக்காக இருக்கும், பிள்ளை ராத்திரி தூங்க விட்டிருக்காது. யாருக்கு என்ன என்று யாரும் விசாரிப்பதில்லை. இன்று எனக்கு, நாளை உனக்கு. எந்த சர்க்காரும் இதற்குச் சட்டம் போடவில்லை, எந்தச் சங்கமும் போராடி வாங்கித் தரவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது.

செல்வி அப்போது ஐந்து மாத கர்ப்பம். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது. பிரசவ லீவு வரை எப்படியாவது தாக்குப்பிடித்தால் சம்பளத்தோடு ஆறு மாதம் பிள்ளையோடு இருக்கலாம். அவளுடைய கனவே அதுதான்.

பக்கத்து மிஷினில் நூர்ஜஹான். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம்.

"இன்னா செல்வி, மூச்சு வாங்குதா? கொடு இப்டி. நீ கொஞ்சம் தண்ணி குடி."

"உனக்கும் டார்கெட் இருக்குதேக்கா."

"என் டார்கெட்ட நான் பாத்துக்கறேன். நீ உள்ள இருக்கறத பாரு."

டிவியில் தினமும் சமூக நல்லிணக்கம் என்று தொண்டை கிழியக் கத்துகிறார்களே, அவர்களில் ஒருத்தராவது இந்த ஷெட்டுக்குள் வந்து பார்த்திருக்கிறார்களா? ஓட்டு கேட்க கேட் வரைக்கும் வருவார்கள். ஒரு கட்சி பெண் உரிமை என்னும், இன்னொன்று மதம், பண்பாடு என்னும். இரண்டும் எங்கள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தன.

சிவப்பு

வெளிநாட்டில் வரி ஏற்றினார்கள், ஆர்டர் கம்மியானது. செலவைக் குறைக்கிறோம் என்று இந்தக் கேமராவைக் கொண்டுவந்தார்கள். யார் எவ்வளவு தைக்கிறார்கள், யார் சீட்டை விட்டு எழுந்தார்கள், எல்லாவற்றையும் அதுவே கணக்கெடுக்கும். சுவரில் பெரிய திரை. ஒழுங்காக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

முதல் வாரமே நூர்ஜஹான் பெயர் சிவந்தது. சீட்டை விட்டு எழுகிறாளாம். செல்வியும் சிவப்பு. பீஸ் கம்மியாம்.

நூர்ஜஹான் விடுவாளா? எழுந்திருக்காமல், செல்வியின் பீஸை மேஜையோரமாகவே இழுத்துத் தைத்து, தைத்ததைத் திரும்ப செல்வியின் ட்ரேயிலேயே வைத்தாள். கணக்கு செல்வி பெயரிலேயே ஏறட்டும் என்று. பாவி மகள், நல்லது நினைத்துத்தான் செய்தாள். ஆனால் லைனில் பின்பக்கம் திரும்பி வரும் பீஸ் என்றால், தப்பாகத் தைத்துத் திருப்பி அனுப்பிய பீஸ் என்று அந்தச் சனியனுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். செக்‌ஷனிலேயே மோசமாகத் தைப்பவள் செல்வி என்று திரை சொன்னது. அத்தனையும் கோணாத தையல்!

மேனேஜர் ரூமுக்குப் போனேன். கேமரா கம்பெனிப் பையனும் இருந்தான்.

"டேட்டா பொய் சொல்லாது மேடம்," என்றான்.

"உங்க டேட்டாக்கு அவ முழுகாம இருக்கறது தெரியுமா தம்பி? வா, வந்து அந்தப் பீஸ எடுத்துப் பாரு. ஒரு தையல் தப்பா இருந்தா என்னையே வீட்டுக்கு அனுப்பு."

அவன் எழுந்திருக்கவில்லை. மேனேஜர்தான் பேசினார். "உங்க கோவம் புரியுதும்மா. ஆனா நம்ம இஷ்டத்துக்கு ஒருத்தருக்கு மட்டும் விலக்கு கொடுத்தா சிஸ்டம் எதுக்கு?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன், எதுக்கு?"



நிற்கிற வேலை

கர்ப்பிணியை வேலையை விட்டு அனுப்பினால் கேஸாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் செல்வியை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. என்ன அயோக்கியத்தனம்! மறுபடி போய்ச் சண்டை போட்டேன். உங்கள் ரிட்டயர்மென்ட் நேரத்தில் எதற்கம்மா இந்தப் பேஜார் என்றார்கள். கால் இரண்டும் வீங்கி, பத்து நாள்கூடத் தாங்காமல் செல்வி தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். "சொந்த விருப்பத்தில் விலகல்" என்று போட்டுக்கொண்டார்கள்.

கேட் வரை கூடப் போனேன். "நூர்ஜஹான்க்காவ திட்டாதீங்க மேடம்," என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நூர்ஜஹான் யார் ட்ரேயையும் தொடவில்லை. "நான் கை வெச்சாலே அவங்க வேலைக்கு உலை, வேணாம் மேடம்," என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். திரை முழுக்கப் பச்சை.

கேமரா கம்பெனிக்குக் கொடுக்கிற மாத வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஒருநாள் கேமராவைக் கழற்றிவிட்டார்கள். யாரும் லட்டு கொடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இனி பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நான் வேலையை விட்டு வந்த கடைசி நாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் ட்ரேயில் பீஸ் மலையாகக் குவிந்துவிட்டது. கண் கலங்கத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷினில் நூர்ஜஹான். அவள் ட்ரே காலி.

"நூர்ஜஹான், அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் கை கொடேன்மா," என்றேன்.

அவள் கை தன்னால் நீண்டது. பாதியில் நின்றது. அவள் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். கேமரா இருந்த இடத்தில் ஸ்க்ரூ முடுக்கிய ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான், என் மகன் உட்பட எல்லா இளம்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். எதையாவது மாற்ற வரும்போது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கேமராவைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அந்தக் கையை மறுபடி நீட்டவைக்க என்னால் முடியவில்லை.